கியரை ஆட்டிப் பார்த்தாயா

பேட்டரி வயரைக் கழற்றிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக். ஒரே ஒரு தடவை. பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டியது போல.

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அவள் அப்படியே நின்றாள். மழை பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தம், ஓரத்தில் வைத்த வாளிக்குள் ஒழுகல் சொட்டுகிற சத்தம், பின்பக்கம் சமையலறையில் சரியாக மூடாத குழாயின் சத்தம், இத்தனைக்கும் நடுவில் அந்த ஒரு சத்தம் மட்டும் தனியாக, உலர்ந்து கேட்டது. அது எதன் சத்தம் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். செல்ஃப் மோட்டாரின் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் முன்னால் பாய்ந்து, என்ஜினின் பெரிய சக்கரத்துப் பற்களில் போய் மாட்டுகிற சத்தம். வண்டியை எழுப்பக் குமிழை இழுத்ததும் முதலில் வருவது அதுதான். ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் வரவேண்டிய வயர் அவள் கண்ணெதிரே மட்கார்டின் மேல் கிடந்தது.

இரும்பு சூடு ஆறும்போது இப்படிச் சத்தம் போடும் என்று சொல்லிக்கொண்டாள். வண்டி காலையிலிருந்து ஓடவே இல்லை என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

காலையில் அதைக் கொண்டுவந்து விட்டுப் போனவர் ஒரு பல் டாக்டர். வெண்ணெய் நிறம், உருண்டை விளக்குகள், அவளைவிட வயதில் மூத்த வண்டி. யாரோ ஒருவரிடமிருந்து யாரோ ஒருவர் வாங்கி, அவரிடமிருந்து டாக்டர் வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

"தானா சுத்துதுங்க," என்றார் டாக்டர். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. "சாவி எங்கிட்ட. ஷெட்டும் பூட்டித்தான் இருக்கு. தினம் ஒரு தடவை ர்ர்ர்னு ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடுது. என் வீட்டம்மா அந்தப் பக்கமே வர மாட்டேங்கறாங்க."

அவள் கணவர் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டுப் பதில் சொன்னார். "சுவிட்சுக்குள்ள பித்தளை தேஞ்சு ஒட்டிக்கும் சார். பழைய வண்டிங்கள்ல சகஜம்தான்."

"பல்லும் தகராறு பண்ணுது. ஒருதடவை மாட்டிக்கிட்டா விட மாட்டேங்குது."

"பல்லு விஷயத்துக்கு நீங்க எங்ககிட்ட வந்திருக்கீங்களே சார்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கணவர் ஒரு நொடி திரும்பிப் பார்த்தார். இரண்டு வருடமாக அந்த ஷெட்டில் அது அடிக்கடி நடப்பதில்லை.

அந்தத் தெருவில் அவள் கணவருக்கு நிதானம் என்று பெயர். எதிர்க்கடைக்காரர் வைத்தது. ஒரு நட்டைக் கழற்றினால் அதைத் துடைத்து, கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை மூடிவிட்டுத்தான் அடுத்த நட்டைத் தொடுவார். அவருடைய தம்பிக்கு அதே கடைக்காரர் வைத்த பெயர் அவசரம். கழற்றின நட்டு எங்கே போனது என்று ஷெட் முழுக்கத் தவழ்ந்து தேடுகிற ஆள். கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்து ஒரு வருடமாக வலி. வைத்தியம் பார்க்க நேரமில்லை என்று எப்போதும் கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டே வேலை செய்வான். அவளைவிட மூன்று வயது சின்னவன். "அண்ணி, நான் செத்தாலும் பாதி வேலையிலதான் சாவேன்," என்பான்.

அப்படித்தான் செத்தான்.

ஷெட் நீளமானது, அகலம் குறைவு. வண்டிகள் மூக்கை உள்ளே நீட்டிக்கொண்டுதான் வந்து நிற்கும். மூக்குக்கு எதிரே சுவரோடு சுவராக வேலை மேசை. வண்டிக்கும் மேசைக்கும் நடுவில் ஓர் ஆள் குனிந்து நிமிர்கிற இடம். அந்த இடத்தில்தான் அவசரம் நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு நிதானம் மரமேசையை எடுத்துவிட்டு இரும்பு மேசை போட்டார். அதன் விளிம்பு நெடுக டயரை வெட்டி ஆணி அடித்தார். தரையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டார். எந்த வண்டியின் முன்சக்கரமும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

ஷெட்டில் ஒரு வழக்கம் அதற்கு முன்பிருந்தே உண்டு. என்ஜின் பக்கம் நிற்கிறவர் "நியூட்ரலா?" என்று கேட்பார். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கியர்க் குச்சியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். தொளதொள என்று ஆடினால் கியரில் இல்லை என்று அர்த்தம். ஆட்டிவிட்டு, "நியூட்ரல்" என்று பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் முன்னால் நிற்பவர் "குடு" என்பார். கியரில் இருக்கிற வண்டிக்குச் செல்ஃபைக் கொடுத்தால் என்ஜின் எழும்பாவிட்டாலும் வண்டி தாவும்.

இன்றும் வண்டி உள்ளே வந்ததும் அவள் ஏறி உட்கார்ந்து குச்சியை மூன்று தடவை ஆட்டிப் பார்த்திருந்தாள். தொளதொளவென்று ஆடியது. உள்ளே கிராம்பு வாசனை வந்தது. பல் டாக்டர் வண்டியில் வேறு எந்த வாசனை வரும் என்று நினைத்தாள்.

நிதானம் மதியம் சாப்பிட்டுவிட்டு, செல்ஃபுக்குள் போடுகிற பித்தளைப் புஷ் பழைய அளவில் கிடைக்கிறதா என்று பார்க்கக் குடையோடு கிளம்பிப் போயிருந்தார். மழையில் திரும்பி வர நேரமாகும். அவர் வருவதற்குள் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவள் சுவிட்சைத் திறந்தாள். பித்தளை இரண்டும் சுத்தமாக இருந்தன, ஒட்டவில்லை. நடுவில் ஒரு காகிதத் துண்டை விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போய் வந்தது.

டக்.

இந்தத் தடவை அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. ர்ர். கனமான ஒன்று அரைச் சுற்று புரண்டு படுத்தது போல. அவள் கையிலிருந்த காகிதம் லேசாக நடுங்கியது. நடுங்கியது காகிதமா, தன் கையா, வண்டியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பேட்டரியில்தான் என்னமோ இருக்கிறது. வயரைக் கழற்றினால் போதாது. பேட்டரியையே இரண்டு கையாலும் தூக்கி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு போய்ச் சமையலறை வாசற்படி அருகே இறக்கினாள். பத்தடி தூரம். திரும்பி வந்து பானெட்டை மூடினாள். இனி வேலை வண்டிக்கு அடியில்தான். முன்பக்கமாகச் சுற்றிப் போகும்போது முழங்காலில் பம்பர் உரசியது.

குனிந்து பார்த்தாள். காலையில் முன்சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் நின்றது. நிதானம் கையால் அளந்து பார்த்தார், அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். இப்போது சக்கரம் கோட்டின் மேல் நின்றது.

தரை சமம்தான். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது. அவள் இரண்டு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து முன்சக்கரங்களுக்கு முன்னால் வைத்து, சுத்தியலால் தட்டி இறுக்கினாள். இறுக்கியதும் கொஞ்சம் மூச்சு வந்தது.

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள். அடியில் எண்ணெய் வாசனையும் ஈர மண் வாசனையும் வந்தன. செல்ஃபைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட்டுகள். முதலாவது எளிதாக வந்தது. இரண்டாவதைக் கழற்றும்போது அதன் எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கியது. தூங்குகிற குழந்தையின் தலை போல. மெல்ல வெளியே இழுத்து நெஞ்சின் மேல் படுக்க வைத்துக்கொண்டாள். இனி இந்த வண்டியைச் சுற்ற வைக்க எதுவும் இல்லை. பேட்டரி அங்கே, செல்ஃப் என் நெஞ்சின் மேல், வண்டி எங்கே போய்விடும் என்று நினைத்தாள்.

செல்ஃப் இருந்த இடத்தில் இப்போது ஒரு வட்ட ஓட்டை. அதற்குள் பெரிய சக்கரத்தின் பற்கள் நான்கைந்து தெரிந்தன. கையில் இருந்த டார்ச்சை அதற்குள் அடித்துப் பார்த்தாள். தேய்மானம் எவ்வளவு என்று பார்க்கத்தான்.

ஒரு பல் நகர்ந்தது.

பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. யாரோ விரல்விட்டு எண்ணுவது போல, ஒவ்வொரு பல்லாக, எண்ணெய் பளபளக்க, அந்த ஓட்டையைக் கடந்து மேலே போனது. கடைசியாக நின்றபோது அவள் முகத்துக்கு மேலே இருந்த இரும்பு முழுவதும் ஒரு விரற்கடை முன்னால் போய் நின்றது. கட்டை கிறீச்சிட்டது.

அவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்கை இரண்டும் சிராய்த்திருந்தன. செல்ஃப் மட்டும் கையில் பத்திரமாக இருந்தது.

தெருவுக்கு ஓடியிருக்கலாம். ஓடி யாரிடம் என்ன சொல்வது? பேட்டரி இல்லாத, செல்ஃப் இல்லாத வண்டி நகர்கிறது என்றா? பதினோரு வருடம் இதே தொழில் செய்தவள். எதுவாக இருந்தாலும் திறந்து பார்த்தால் காரணம் இருக்கும். வேலை தெரிந்தவளின் பிடிவாதம் அவளை மேசைக்கு இழுத்தது. மேசையின் பக்கவாட்டில், வண்டிக்கு எதிரே வராத மூலையில் நின்றுகொண்டு செல்ஃபைப் பிரித்தாள். பட்டையைத் தளர்த்தினாள். கார்பன்கள் நான்கையும் தூக்கினாள். பின்மூடியைக் கழற்றிக் குண்டு பல்பின் கீழே பிடித்து, உட்பக்கத்துக் கருப்புத் தூளைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

தூளுக்கு அடியில் ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி. பக்கத்தில் ஒரு தேதி.

அவள் கம்பிச் சுருள் கட்டுகிற ஒவ்வொரு செல்ஃபின் மூடிக்குள்ளும் ஊசியால் கீறி வைக்கிற அடையாளம் அது. யாரும் பார்க்கப்போவதில்லை. அவளுக்கு மட்டும். ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவாள். அந்தக் கோடும் இருந்தது. தேதியைப் படிக்க வேண்டியதில்லை. அந்தத் தேதியை அவள் மறந்த நாள் கிடையாது.

ஆனால் அவசரம் செத்த அன்று நின்றது கருப்பு வண்டி. சிவப்பு சீட்டு. அவள் போய்க் கதவு இடுக்கில் நகத்தால் சுரண்டினாள். வெண்ணெய் நிறம் பொருக்காக உதிர்ந்தது. கீழே கருப்பு.

அன்று செல்ஃபைக் கட்டி மாட்டியதும் முதல் இழுப்பிலேயே பல் போய்ச் சிக்கிக்கொண்டது. சிக்கினால் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளி ஆட்ட வேண்டும், 'கடக்' என்று விடுபடும். கியரைப் போட்டது அவள். இரண்டு பேருமாக ஆட்டினார்கள். விடுபட்டது. அவசரம் பானெட்டுக்கு முன்னால் ஓடினான். சமையலறையிலிருந்து பால் பொங்கித் தீய்கிற வாசனை வந்தது. அவள் சீட்டில் ஏறியும் ஏறாமலும் உட்கார்ந்தாள்.

"நியூட்ரலா அண்ணி?"

அவள் ஆட்டிப் பார்க்கவில்லை. "நியூட்ரல்" என்றாள்.

"குடுங்க."

பானெட் திறந்திருந்ததால் அவள் எதையும் பார்க்கவில்லை. மேசை உடைகிற சத்தத்தைத்தான் கேட்டாள். வண்டியைப் பின்னால் தள்ளுவதற்காகக் குச்சியைக் கியரிலிருந்து எடுத்ததும் அவள்தான். எல்லோரும் வருவதற்குள் அது நியூட்ரலில் இருந்தது. "ஆட்டிப் பாத்தேங்க. நியூட்ரல்லதான் இருந்துச்சு. அப்புறம் தம்பிதான் மறுபடி கியர்ல போட்டு ஆட்டினாரு, எடுக்க மறந்துட்டாரு போல," என்று சொன்னாள். யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. அவன் பெயரே அவசரம்தானே. அன்று அவசரம் யாருக்கு இருந்தது என்பது அவளுக்கும் தீய்ந்த பாலுக்கும் மட்டும் தெரியும்.

அவள் மூடியை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள். கருப்புத் தூள் இன்னும் கொஞ்சம் இருந்தது. துடைத்தாள். முதல் தேதிக்குக் கீழே இன்னொரு தேதி இருந்தது. அதே ஊசி. அதே சாய்வு. ஏழுக்குக் குறுக்கே அதே கோடு. புதுக் கீறல், பளபளத்தது.

சுவரில் நாட்காட்டி மாட்டியிருந்தது. காலையில் நிதானம்தான் தாளைக் கிழித்தார்.

புதுக் கீறலிலும் நாட்காட்டியிலும் ஒரே தேதி.

இன்று. இந்த இடத்தில். இந்த வண்டிக்கும் மேசைக்கும் நடுவில் வந்து நிற்க வேறு யார் இருக்கிறார்கள்? எந்தச் செல்ஃபைக் கழற்றினாலும் வீட்டுக்கு வந்ததும் நேராக மேசைக்குப் போய் முதலில் அதைப் பார்ப்பது அவருடைய வழக்கம். சாப்பாடு, குளியல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவள் அவருக்குப் போன் செய்தாள். மணி மேசை இழுப்பறைக்குள் அடித்தது. மழையில் நனைந்துவிடும் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்.

சரி, வண்டியை வெளியே தள்ளிவிட வேண்டியதுதான். கட்டையை இன்னும் இறுக்கினாள். ஷட்டரை முழுவதும் ஏற்றினாள். ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க டிரைவர் சீட்டில் ஒரு காலை வைத்து ஏறி உட்கார்ந்தாள். காற்று அடித்துக் கதவு சாத்திக்கொண்டது.

கிராம்பு வாசனை. காலையில் வந்தது போல லேசாக அல்ல. இப்போதுதான் பல்லால் கடித்தது போல, ஈரமாக, பக்கத்து சீட்டிலிருந்து.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கியர்க் குச்சியைப் பார்த்தாள். டாப் கியரில் இருந்தது.

இழுத்தாள். வரவில்லை. கிளட்சை மிதித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். சிமெண்டில் நட்டது போல நின்றது. கதவைத் திறக்கப் போனாள். கைப்பிடி பிடியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. சுழற்றுகிற பிடி இருந்த இடத்தில் வெறும் மொட்டைக் கம்பி. பிரேக்கை மிதித்தாள். பெடல் தடையே இல்லாமல் தரை வரை போனது. காலையில் டாக்டர் இதே பிரேக்கை மிதித்துத்தான் வண்டியை நிறுத்தினார்.

வாசலில் குடை மடங்குகிற சத்தம் கேட்டது.

நிதானம் குடையை மூன்று தடவை உதறி, மூலையில் சாய்த்து வைத்தார். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். வேட்டியின் ஈரத்தைப் பிழிந்தார். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, உள்ள ஏறி உக்காந்துட்ட? ஊருக்குக் கிளம்பியாச்சா?"

"என்னங்க, மேசைகிட்டப் போகாதீங்க."

"செல்ஃபைக் கழட்டிட்டியா? அதுக்குள்ளயா? கெட்டிக்காரிதான்." அவர் நடந்துகொண்டேதான் சொன்னார். பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு, பம்பருக்கும் மேசைக்கும் நடுவில் நுழைந்தார். "வண்டியை ஏன் இவ்வளவு முன்னாடி ஏத்தியிருக்க? கோடு போட்டது கோலத்துக்கா?"

"வெளிய வாங்க. முதல்ல வெளிய வந்துடுங்க. உங்க கால்ல விழறேன்."

அவர் முன்கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தார். கனிவான சிரிப்பு. இந்த இரண்டு வருடத்தில் அவள் இப்படிப் பயந்து பேசுவது அவருக்குப் பழகிவிட்டது. "பேட்டரி அதோ கிடக்கு. செல்ஃப் இதோ பிரிச்சுப் போட்டிருக்கு. வண்டி எங்கம்மா போயிடும்?"

அவள் சொல்லிக்கொண்ட அதே வார்த்தைகள்.

அவர் பின்மூடியை எடுத்தார். பல்புக்குக் கீழே பிடித்தார். "இன்னைக்குத் தேதியைப் போட்டுட்டியா? இன்னும் பூட்டவே இல்ல, அதுக்குள்ள என்ன அவசரம்..."

அந்தச் சொல்லில் அவர் நின்றார். கட்டைவிரல் மேலே நகர்ந்தது. முதல் தேதியின் மேல் வெகுநேரம் நின்றது. அவர் வண்டியைப் பார்த்தார். உருண்டை விளக்குகளை, முகப்பை, கடைசியாக அவளை.

"இது அந்த வண்டியா?"

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

அவர் மூடியை ஓசைப்படாமல் மேசையில் வைத்தார். "ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷமா மனசுல இருக்கு. கேட்டா உன்னை நம்பலன்னு ஆயிடுமேன்னு விட்டுட்டேன். அன்னைக்கு இழுக்கறதுக்கு முன்னாடி கியரை ஆட்டிப் பாத்தியா?"

பக்கத்து சீட்டில் கிராம்பு வாசனை அசையாமல் நின்றது. அதுவும் பதிலுக்குக் காத்திருந்தது.

சொல்லிவிட்டால் போதும். இல்லை என்று ஒரு வார்த்தை. சொன்னால் அவர் அங்கே நிற்க மாட்டார். கோபத்தில் வருவார். அழுதுகொண்டு வருவார். அடிக்கவாவது இந்தப் பக்கம் வருவார். கதவுக்கு இந்தப் பக்கம் வந்தால் போதும். அவள் வாயைத் திறந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். பதிலுக்குப் பயந்துபோன முகம். ஒரே ஒரு பதிலைத் தவிர எதையும் தாங்க முடியாத முகம்.

"ஆட்டிப் பாத்தேங்க. நியூட்ரல்லதான் இருந்துச்சு."

அதே வார்த்தைகள், அதே வரிசை. விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னது, மாமியாரிடம் சொன்னது, இருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே சொன்னது. நாக்குக்கு வழி மனப்பாடம்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். தோள் இரண்டும் இறங்கின. "போதும்மா," என்றார். "இது போதும்." முதுகைக் காட்டித் திரும்பி, மேசையில் கிடந்த ஆர்மேச்சரை இரண்டு கையாலும் தூக்கினார். செல்ஃபின் வயிற்றுக்குள் சுற்றுகிற பாகம். அவள் கையால் கம்பி கட்டியது. வெளிச்சத்தில் பார்த்தார்.

டக்.

ஆர்மேச்சர் அவர் கைகளில் சுற்ற ஆரம்பித்தது.

மெதுவாக. பிடித்த விரல்களுக்குள் நழுவி நழுவி. அவர் முதலில் சிரித்தார். "இங்க பாரேன்," என்றார்.

ர்ர்.

கட்டைகள் தரையில் கிறீச்சிட்டு நகர்ந்தன. ஒரு விரற்கடை.

"கியர்ல இருந்துச்சு!" அவள் கத்தினாள். "அன்னைக்கு நான் பாக்கல! நான்தான் பாக்கல! கியர்லதான் இருந்துச்சு!"

ர்ர். ர்ர்.

சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டிருப்பார். கை காலியாக இல்லை. ஆர்மேச்சரைக் கீழே போட்டிருக்கலாம். போட்டால் அடிபடும். அவள் கட்டிய கம்பி நசுங்கும். அவர் மேசையில் மடித்து வைத்திருந்த துணியைத் தேடினார். அதை விரலால் இழுத்து விரித்தார். சுற்றுகிறதை அதன் மேல் படுக்க வைக்கப் பார்த்தார். இந்த நேரத்திலும் நிதானம்.

பம்பர் அவர் முழங்காலின் பின்பக்கத்தைத் தொட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார்.

இன்று பானெட் மூடியிருந்தது. இன்று எல்லாம் தெரிந்தது.

அவள் இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்து இழுத்தாள். உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தாள். குச்சி அவள் கைக்குள்ளிருந்து தானாகவே விடுபட்டது. டாப் கியரிலிருந்து கீழே இறங்கியது. நடுவில் வந்து நின்றது. நியூட்ரல்.

வண்டி நிற்கவில்லை.

மேசை விளிம்பில் டயர் நசுங்கியது.

அவள் பக்கத்தில், தொடாமல், குச்சி இடமும் வலமும் ஆடியது. தொளதொளவென்று. மறுபடி இடம். மறுபடி வலம். யாரோ ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவைக்கு மூன்று தடவை. கொஞ்சமும் அவசரமில்லாமல்.